வேலிச் சில்லையும் செனகல் சொந்தமும்

ராயக்கோட்டை மலையடிவாரத்தில் கார்த்திகை, மார்கழியில் ராகி அறுப்பு முடிந்து கதிர் களத்துக்கு வரும். அதன் பின்னாலேயே வேலி முள்ளில் ஒரு சின்னக் குருவிக் கூட்டமும் வந்து சேரும். மண் நிற முதுகு, வெளுத்த வயிறு, கருத்துக் கூராக முடியும் வால். அலகு மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாத கனம், நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருக்கும். ஒரே கிளையில் ஏழெட்டு ஒட்டி உட்கார்ந்து, ஒன்றின் கழுத்தை இன்னொன்று கோதிவிடும். நடுவில் இருப்பது பறந்தால் மற்றவை நகர்ந்து இடைவெளியை மூடிக்கொள்ளும்.

பறவைப் புத்தகங்களில் இதன் பெயர் வெண்தொண்டைச் சில்லை. எங்கள் களத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், "இதுக்கு நம்ம பக்கம் என்ன பேரு பாட்டி?" என்று கேட்டேன். "தின்னுட்டுப் போற குருவிக்குப் பேரு வேற வைக்கணுமாப்பா? சிட்டுதான்" என்றார். தெலுங்கு பேசும் வீடுகளில் சில்லை வகை எல்லாவற்றையும் சேர்த்து ஜினுவாயி என்பார்கள். கன்னடத்தில் ராட்டவாளம். எல்லைப் பகுதி என்பதால் ஒரு குருவிக்கு மூன்று மொழியில் பெயர் இருக்கிறது; மூன்றுமே கூட்டத்துக்கான பெயர், இந்த ஒன்றுக்கு மட்டுமான பெயர் இல்லை.

தனிப் பெயர் வைத்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களும் ஒரு பெயரோடு நிறுத்தவில்லை. இரண்டரை நூற்றாண்டில் இந்தக் குருவியைக் குறைந்தது ஐந்து பேரினங்களில் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். நான் ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே ஒரு புஷ்ஷுக்குப் பார்ட் நம்பர் மாறினால், பழைய நம்பரை அடித்துவிட்டுப் புதியதை 'பின் கார்டு' என்ற இருப்பு அட்டையில் எழுதி, பக்கத்திலேயே பழையது என்ன என்று குறித்து வைப்போம். புஷ் அதே தட்டில்தான் இருக்கும். பறவை நூல்களில் ஒரு பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் வரும் பழைய பெயர்களின் வரிசையைப் பார்த்ததும் எனக்கு உடனே புரிந்தது அதனால்தான். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்தப் பொடி எழுத்தை. சரித்திரம் அங்கேதான் கிடக்கிறது.

வரிசையின் தலையில் இருப்பவர் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். 1758இல் வெளிவந்த தன் நூலின் பத்தாம் பதிப்பில் இந்தக் குருவிக்கு லாக்சியா மலபாரிகா என்று பெயர் வைத்தார். தடித்த அலகு உள்ள சின்னப் பறவை எது கிடைத்தாலும் அவர் லாக்சியாவில் போட்டார். அந்தப் பெயர் இன்று குளிர்நாட்டுப் பைன் காடுகளில் வாழும் குறுக்கலகுக் குருவிகளுக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்தவர் இல்லை. கப்பல்காரர்கள் கொண்டுவந்த தோல்களையும், மற்றவர்கள் வரைந்த படங்களையும், எழுதிய குறிப்புகளையும் வைத்துப் பெயர் சூட்டியவர்.

மலபாரிகா என்ற பாதிதான் எனக்கு வேடிக்கை. மழை கொட்டும் மலபார்க் கரையில் இந்தக் குருவி அரிது. இது வறண்ட நிலத்துப் பறவை. கருவேலம், உடைமுள், கள்ளி, புல் தரிசு, மானாவாரிக் காடு, இவைதான் இதன் ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கம் முழுக்க, தக்காணம், ராஜஸ்தான், சிந்து, பலுசிஸ்தான், ஈரானின் தெற்குக் கரை, அங்கிருந்து ஓமன் வரைக்கும் இதைப் பார்க்கலாம். ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பியரிடம் மலபார் என்ற சொல்லுக்கு இன்றைய எல்லை கிடையாது. தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்க் 1708இல் தான் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டபோது, அதற்கு வைத்த பெயரே மலபார் நூலகம் என்று பொருள்படுவதுதான். தமிழ் பேசுகிறவர்களையும் மலபாரிகள் என்றே எழுதினார்கள். ஆக, அந்தப் பெயரை நம்மைக் குறித்தது என்று எடுத்துக்கொண்டாலும் பெரிய தப்பில்லை.

அடுத்த பெயர் வந்த விதத்துக்கு ராயக்கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மலைக்கோட்டை, பாராமகால் சமவெளியில் இருந்து மைசூர் மேட்டு நிலத்துக்கு ஏறுகிற வழியைக் காவல் காத்த கோட்டை. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில், மேஜர் கௌடியின் படை இதைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலோடு சேர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. 1799 மார்ச்சில் திப்புவின் மேல் கடைசியாகப் படையெடுத்த ஜெனரல் ஹாரிஸின் சேனை இந்த வழியாகத்தான் மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. கோட்டை வாசலில் தொல்லியல் துறையின் பலகை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிப் போகிறவர்கள் அதன் முன் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

படை போன வழியில் படை மருத்துவர்களும் போனார்கள். தென்னிந்தியாவின் செடிகொடி, பாம்பு, பறவை எல்லாவற்றையும் முதலில் பட்டியல் போட்டவர்களில் பலர் கம்பெனியின் மருத்துவர்கள்தான். பாம்புகளைப் பற்றி எழுதிய பாட்ரிக் ரசல், செடிகளை எழுதிய ராக்ஸ்பர்க், மைசூர் முழுக்கச் சுற்றிய புக்கானன் எல்லோரும் அந்த வகை. பறவைக்கு வந்தவர் தாமஸ் ஜெர்டன். 1836இல் உதவி அறுவை மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். ஜால்னா, திருச்சி, நெல்லூர், தலச்சேரி என்று படைப்பிரிவும் மருத்துவமனையும் மாற மாற, அந்தந்த ஊர்ப் பறவைகளைச் சேர்த்தார். தீபகற்பத்துப் பறவைகளின் பட்டியலை 1839 முதல் சென்னையில் வந்த இலக்கிய, விஞ்ஞான இதழ் ஒன்றில் தொடராக வெளியிட்டார். 1862 முதல் 1864 வரை வந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல், நாடு முழுக்க இருந்த அதிகாரிகளுக்குக் கைப்புத்தகம் ஆனது. ஜெர்டனிடம் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு பறவைக்கும் உள்ளூரில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதியது. தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி எது கிடைத்தாலும் எழுதினார். பறவை பிடித்துக் கொடுத்த கைகளின் பெயர்களை எழுதவில்லை. அவர்கள் வாய்ச்சொல் மட்டும் நூலில் ஏறியது.

ஜெர்டனுக்கு முன்பே, பூனாவில் இருந்துகொண்டு தக்காணத்தைச் சுற்றியவர் கர்னல் வில்லியம் சைக்ஸ். பம்பாய் அரசுக்குப் புள்ளிவிவரம் சேர்ப்பது அவர் உத்தியோகம். நிலவரி, மக்கள்தொகை, மழை அளவோடு பறவைகளையும் சேர்த்துக்கொண்டார். 1832இல் லண்டன் விலங்கியல் கழகத்தின் முன் வைத்த தக்காணப் பறவைப் பட்டியலில், சில்லைகளுக்கென்று லோன்சூரா என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். நம் வேலிக் குருவியைப் புதிது என்று நினைத்து, அங்கே மராத்திக்காரர்கள் சொன்ன சொல்லையே ஒட்டி லோன்சூரா சீட் என்று பெயரும் வைத்தார். உள்ளூர்க்காரன் வாயில் இருந்து நேராக வந்த பெயர் அது. அது நிலைக்கவில்லை. முதலில் அச்சானதே செல்லும் என்பது பெயரிடல் விதி. 1758க்கு முன் 1832 நிற்காது. சீட் இன்று பொடி எழுத்துக்குள் ஒரு பொடி எழுத்து.

இதற்குள் நேபாளத்தில் இருந்த ஹாட்சன், 1836இல் முனியா என்ற வட இந்தியச் சொல்லையே பேரினப் பெயராக்கிவிட்டார். ஜெர்டன் காலத்து நூல்களில் நம் குருவி முனியா மலபாரிகா. பெர்லினில் கபானிஸ் 1851இல் யூரோலோங்கா என்று ஒன்றை ஏற்படுத்தினார். 1890இல் ஓட்ஸ், 1926இல் ஸ்டூவர்ட் பேக்கர், இருவரும் பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசை நூல்களில் இதை யூரோலோங்கா மலபாரிகா என்றே எழுதினார்கள். ஆர்தர் வெர்னே பணம் கொடுத்து, 1929இல் தொடங்கிய கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவை ஆய்வு சேர்வராயன் மலைக்கும், எங்களுக்குத் தெற்கே சித்தேரி மலைக்கும் வந்தபோது நூல்களில் இந்தப் பெயர்தான் வழக்கில் இருந்தது. அப்போது ராயக்கோட்டை சேலம் மாவட்டம். 1965இல் தர்மபுரிக்குப் போய், 2004இல் கிருஷ்ணகிரி ஆனது. மாவட்டப் பெயர் மாறும்போதெல்லாம் எங்கள் ரப்பர் ஸ்டாம்பும் மாறியது என்பதைத் தவிர ஊரில் வேறு மாற்றம் இல்லை.

இப்போது டிரெஸ்டனுக்குப் போக வேண்டும், ஏனென்றால் கதையின் கணு அங்கே இருக்கிறது. ஹைன்ரிக் ரைக்கன்பாக் அங்கே தாவரவியல் பூங்காவை உருவாக்கியவர், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தலைவர். 1849 மே மாதக் கிளர்ச்சியில் அருங்காட்சியகம் இருந்த அரண்மனைப் பகுதி தீப்பிடித்து, அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பொருட்களில் பெரும்பகுதி எரிந்துபோனது. மனிதர் ஓயவில்லை. மறுபடி சேர்த்தார், ஆயிரக்கணக்கில் படங்கள் போட்டுப் புத்தகங்கள் வெளியிட்டார். 1862இல் பாடும் பறவைகள் பற்றிய நூலில் யூவோடைசி என்ற பேரினத்தை நிறுவினார்.

அதற்கு அவர் அடிப்படையாக வைத்தது நம் குருவியை அல்ல, ஆப்பிரிக்கக் குருவியை. செனகலில் தொடங்கி சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட பட்டை முழுக்க, சூடான், எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா வரைக்கும் வாழ்கிற வெள்ளி அலகுக் குருவி அது. 1789இல் கிமேலின் அதற்குப் பாடுவது என்று பொருள்படும் கான்டன்ஸ் என்ற பெயரைக் கொடுத்திருந்தார். மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் இருந்து ஐரோப்பிய வீடுகளுக்குக் கூண்டுப் பறவைகள் கப்பல் கப்பலாகப் போன காலம் அது. சின்ன உடம்பு, கொஞ்சம் தானியம், நாள் முழுக்க மெல்லிய குரலில் ஒரு நீண்ட சிணுங்கல் பாட்டு. வளர்க்கிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆப்பிரிக்கக் குருவியையும் நம்முடையதையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி. அதே மண் முதுகு, அதே கூர்வால், அதே நீலச் சாம்பல் அலகு. வித்தியாசம் பின்புறத்தில். வாலுக்கு மேலே, முதுகு முடியும் இடத்தில் நம்முடையதற்கு வெள்ளை, அதற்குக் கருப்பு. இவ்வளவுதான். இரண்டையும் சேர்த்து ஒரே இனம் என்று சொன்னவர்களும் உண்டு. அந்த வாதம் வெகுநாள் ஓடியது.

ரைக்கன்பாக்கின் பெயருக்குப் பெரிய அடி 1943இல் விழுந்தது. நியூயார்க்கில் இருந்த ழான் டெலக்கூர் இந்தக் குடும்பம் முழுவதையும் திருத்தி எழுதி, சில்லைகளின் சின்னச் சின்னப் பேரினங்களை எல்லாம் சைக்ஸின் லோன்சூராவுக்குள் கொட்டிவிட்டார். அதன்பின் சாலிம் அலியும் ரிப்ளியும் எழுதிய நூல்கள் உட்பட எங்கும் லோன்சூரா மலபாரிகா. ராகிக் காட்டில் இதனோடு சேர்ந்தே மேயும் புள்ளிச் சில்லையும் லோன்சூரா, வெண்முதுகுச் சில்லையும் லோன்சூரா. ஒரே காட்டில் மேய்வது எல்லாம் ஒரே குடும்பம் என்பது பார்க்கிறவனுக்கு இயல்பாகத் தோன்றும் முடிவு. எங்கள் பாட்டியின் "சிட்டுதான்" அதே முடிவைத்தான் சொல்கிறது.

மரபணு வேறு மாதிரிச் சொன்னது. கடந்த இருபது ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் வெள்ளி அலகுக் குருவிகள் இரண்டையும் லோன்சூராவில் இருந்து பிரித்துத் தனிக் கிளையில் வைக்கின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த ஓல்சன், ஆல்ஸ்ட்ரோம் இருவரும் 2020இல் இந்தக் குடும்பம் முழுவதற்கும் வம்சாவளி வரைந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நெருங்கிய சொந்தம் மற்றதுதான். பக்கத்துக் கதிரில் உட்கார்ந்திருக்கும் புள்ளிச் சில்லை தூரத்து உறவு. பெயர் திரும்ப யூவோடைசி. 1862இல் டிரெஸ்டனில் தோல்களையும் படங்களையும் வைத்துக்கொண்டு ஒருவர் பார்த்த பார்வைக்கு, ஒன்றரை நூற்றாண்டு கழித்து மரபணு ஆய்வகம் ஆமாம் சொல்லியிருக்கிறது. டெலக்கூர் பெரிய ஆள்தான். ஆனால் ஒரு நாளில் முடிகிற வேலை மாதிரி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டியது அவருக்கு அழகில்லை என்பது என் எண்ணம்.

செனகல் வேலிக்கும் ராயக்கோட்டை வேலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், குருவியை விட்டுவிட்டு அது தின்னும் தானியத்தைப் பாருங்கள். ராகி நம் ஊர்த் தானியம் என்று மார்தட்டுகிறோம். களி இல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. அந்த ராகி முதலில் பயிரானது எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலங்களில். கம்பு சகாரா விளிம்பில் இருந்து வந்தது, அதன் மிகப் பழைய தடயங்களில் ஒன்று மாலி நாட்டில் கிடைத்திருக்கிறது. சோளம் சூடான் பக்கம். மூன்றும் கடல் கடந்து இங்கே வந்து பல ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டதால் வந்த வழியை மறந்துவிட்டோம். சாமையோ இந்த மண்ணிலேயே பயிராக்கப்பட்டது. ராகியின் அறிவியல் பெயரில் இருக்கும் கொரகானா என்ற சொல்கூட இலங்கையில் அதைக் குரக்கன் என்று அழைப்பதில் இருந்து போனது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இன்றும் அது குரக்கன்தான்.

தானியத்தோடு குருவியும் வந்ததா என்று பள்ளிக்கூடப் பசங்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை. மனிதன் விதைக்கக் கற்பதற்கு வெகு காலம் முன்பே இரண்டு வெள்ளி அலகுகளும் பிரிந்துவிட்டன. செனகலில் தொடங்கி அரேபியா, ஈரான் வழியாக இங்கே வரை முள்ளும் புல்லுமாக ஒரு வறண்ட பட்டை இருக்கிறது. அந்தப் பட்டையின் இரண்டு பாதிகளில் இரண்டும் குடியிருக்கின்றன. பின்னால் வந்த தானியம், ஆப்பிரிக்கக் குருவி அங்கே தின்னும் அதே சாப்பாட்டை நம் குருவிக்கு இங்கே பரிமாறியது.

கூடு கட்டுவதிலும் வேலிதான் இதற்கு வீடு. முள் கிளைக்குள் புல்லை உருண்டையாகச் சுற்றி, பக்கவாட்டில் வாசல் வைத்து, உள்ளே பஞ்சும் இறகும் மெத்தை போடும். சோம்பலும் உண்டு. கிணற்று மேல் தொங்கும் தூக்கணாங்குருவியின் பழைய கூட்டை எடுத்துக்கொண்டு, உள்ளே கொஞ்சம் இறகை மட்டும் வைத்து முட்டையிட்டுவிடும். எங்கள் பின்கட்டில் கருவேலம் வெட்டிக் கட்டிய வேலியில் இருக்கும் கூட்டின் வாசலில், புல்லின் கதிர்ப்பகுதிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓணான் எளிதில் நுழைய முடியாதபடி அது குச்சம் மாதிரி மறைக்கிறது. இரவில் முழுக் குடும்பமும் அந்த உருண்டைக்குள்தான் தூங்கும். சாயங்காலம் ஒவ்வொன்றாகத் தலையை நுழைத்து, கடைசியாக வந்தது உள்ளே இடமில்லாமல் வெளியே வந்து மறுபடி தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்க வேண்டும்.

கூண்டு வியாபாரம் நம் பக்கமும் நடந்தது. சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரியும் வரை அங்கே சில்லைகள் கூண்டு கூண்டாக விற்றன. வெளிர் நிறக் குருவிக்குப் பச்சையும் சிவப்பும் சாயம் பூசி விற்பதும் இந்த வியாபாரத்தின் பழைய தந்திரம், முதல் குளிப்பில் சாயம் வெளுத்துவிடும். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் வந்த திருத்தமும் நாட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பதைத் தடுத்துவிட்டன. ஆப்பிரிக்கக் குருவி வெளிநாட்டுப் பறவை என்பதால் அதன் கதை வேறு. கூண்டில் இருந்து வெளிவந்து ஹவாய்த் தீவுகளில் 1970களில் குடியேறி இன்று அங்கே சாதாரணப் பறவை ஆகிவிட்டது.

எங்கள் பக்கம் ராகிக் காடு சுருங்கிக்கொண்டு வருகிறது. தக்காளி வந்தது, ராயக்கோட்டை மண்டிக்குப் பெயர் வந்தது. ஓசூர்ப் பக்கம் ரோஜாக் கூடாரங்கள், உத்தனப்பள்ளிப் பக்கம் செல்பேசிப் பாகம் செய்யும் ஆலைகள், ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ்கள். வெண்தொண்டைச் சில்லை இதற்கெல்லாம் பயந்து போகவில்லை. விதைக்காத மனையில் முளைத்த புல், ஆலைச் சுவர் ஓரத்துக் காட்டுச் சாமை, ரயில் பாதை முள்வேலி என்று இடம் பார்த்துக்கொண்டது. அதைப் பார்க்க வேண்டுமானால் மார்கழிக் காலையில் ஸ்டேஷனுக்குத் தெற்கே பாதையோரமாக நடந்தால் போதும். கூட்டம் எழும்பிப் பறக்கும்போது வாலுக்கு மேலே கவனியுங்கள். வெள்ளை தெரிந்தால் நம்ம வேலிக்காரன். கருப்பு தெரிந்தால் யாரோ பெங்களூரில் கூண்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், வந்து பார்க்கிறேன்.